76 ரூபாய்த் தாமதம்

2024 ஜனவரி மாத உள்நாட்டு விமானப் போக்குவரத்து அறிக்கையில் அடுத்தடுத்து மூன்று கணக்குகள் இருக்கின்றன. செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்றப்படாதவர்கள் 1,374 பேர். அவர்களுக்காக விமான நிறுவனங்கள் செலவிட்டது 1.28 கோடி ரூபாய். விமானம் ரத்தானதால் பாதிக்கப்பட்டவர்கள் 68,362 பேர், செலவு 1.43 கோடி. தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் 4.82 லட்சம் பேர், செலவு 3.69 கோடி. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. மாதந்தோறும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. வகுத்துப் பார்க்கும் வேலையை மட்டும் நமக்கு விட்டுவைத்திருக்கிறது. ஏற்றப்படாதவருக்குத் தலைக்குச் சுமார் 9,300 ரூபாய். விமானம் ரத்தானவருக்கு 209 ரூபாய். தாமதத்தில் மாட்டியவருக்கு 76 ரூபாய்ச் சொச்சம்.

ஜனவரி, வடக்கே மூடுபனி மாதம். ஆகவே தாமதப் பட்டியல் வழக்கத்தைவிட நீளம் என்று சொல்லலாம்; சரிதான். ஆனால் 9,300லிருந்து 76க்கு இறங்கும் இந்தச் சரிவைப் பனி உண்டாக்கவில்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அபூர்வமாக நடக்கும் தவறுக்கு நிறையப் பணம், அன்றாடம் நடக்கும் தவறுக்கு ஒரு சிற்றுண்டி. சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்பதால் அந்த 76 ரூபாயில் இருவர்கூடப் பசியாறலாம். மற்றக் கடைகளில் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பது போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டி.ஜி.சி.ஏ.வின் அந்த விதி 2010 ஆகஸ்டில் பிறந்தது. 2016இல் தொகைகள் உயர்த்தப்பட்டன. படித்துப் பார்த்தால் முதலில் மரியாதைதான் வருகிறது. இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு ஆளை ஏற்றாமல் விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தரவேண்டும். அதைத் தாண்டி 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப்போல் இரண்டு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேலானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. ரத்து என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். கடைசி 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பயண நேரத்துக்கு ஏற்ப 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று மூன்று படிகள். இதெல்லாம் வழக்கறிஞர் இல்லாமல், மன்றம் ஏறாமல், கவுன்ட்டரிலேயே கேட்கக்கூடியவை. பேருந்துக்கோ சாதாரண ரயிலுக்கோ இப்படியொரு ஏற்பாடு இல்லை. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம், அவ்வளவுதான். 2019இல் ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தத் தொடங்கிய தேஜஸ் ரயிலில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு 250 ரூபாய் என்று அறிவித்தார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

தாமதத்துக்கு வந்தால் விதியின் குரல் மாறுகிறது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போன்ற குறுகிய பயணத்துக்கு இரண்டு மணி நேரம், டெல்லி போன்றதற்கு மூன்று மணி நேரம் தாண்டினால் சாப்பாடு. ஆறு மணி நேரம் தாண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரம் தாண்டினாலோ, இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணி வரை கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ ஹோட்டல் அறை. பணமாக ஒரு பைசா கிடையாது. ஐந்தரை மணி நேரம் தாமதமாகி, மதுரையில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது போய்ச் சேர்ந்தவருக்கு விதியின்படி உரிய இழப்பீடு, அவர் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்த பொட்டலம்.

ஹோட்டல் அறை என்பதும் வெளியூர்க்காரரை மனத்தில் வைத்து எழுதியது. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து விமான நிலையம் மெட்ரோவில் நான்காவது நிறுத்தம். ஆலந்தூரில் வண்டி மாறினால் முடிந்தது. இரவு 10 மணி விமானம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனால், கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவரோ ஒலிம்பியா டெக் பார்க்கில் வேலை பார்ப்பவரோ வீட்டுக்குத்தான் போவார்கள். ‘தேவைப்படின்’ அறை என்பது விதியின் சொல். வீடு பக்கத்தில் இருப்பவருக்குத் தேவை எழவில்லை என்று ஆகிவிடுகிறது. நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. ஆட்டோ கேட்கிற தொகையைக் கொடுத்துப் போய், நான்கு மணி நேரம் படுத்து, திரும்பி வரவேண்டும். அறைக்கு ஈடாகப் பணம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த ஓட்டை அடைபட்டிருக்கும்.

பணம் தராததற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியபோது, சென்னையில் இறங்க வந்த ஒரு விமானம் பக்கக்காற்றில் சாய்ந்து, ஓடுபாதையைத் தொட்டும் தொடாமலும் மேலெழுந்து போன காட்சியை நாடே பார்த்தது. அன்று நண்பகலில் மூடிய விமான நிலையம் மறுநாள் அதிகாலை 4 மணிக்குத்தான் திறந்தது. தாமதத்துக்குத் தலைக்கு 10,000 ரூபாய் என்று விதி இருந்து, வானிலைக்கு விலக்கும் இல்லாதிருந்தால், 180 பேர் அமர்ந்த விமானத்தில் 18 லட்சம் ரூபாய்க் கேள்வி ஒன்றும் விமானி அறைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். அது எந்தப் பயணிக்கும் நல்லதல்ல. வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், கலவரம், அரசு உத்தரவு ஆகியவற்றுக்கு விதி தரும் விலக்கு வேண்டியதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த விலக்கு எவ்வளவு நியாயம் என்று ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள் புகுந்த அதே அடையாறுதான் மேலே மீனம்பாக்கத்தில் ஓடுபாதையையும் மூழ்கடித்தது. ஆற்றின் குறுக்கே பாலமாகக் கட்டிய ஓடுபாதை கொண்ட விமான நிலையம் அது. டிசம்பர் 1 இரவு மூடியது, பயணிகள் விமானங்கள் மீண்டும் பறக்க 6ஆம் தேதி ஆயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதத்தை வைத்து அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கை அறிக்கை பின்னர் சொன்னது வேறு விவகாரம். அந்த மனிதர்கள் விமான நிறுவனத்தில் இல்லை. யாரும் அன்று இழப்பீடு கேட்டிருக்க முடியாது, கேட்டிருக்கவும் கூடாது.

ஆனால் எல்லா வானிலையும் வெள்ளமல்ல. போகிப் புகையை எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரி 13 அதிகாலை, ஊர் முழுக்கப் பழைய பாயும் டயரும் எரிந்த புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போனது; சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன, பல ரத்தாயின. விதிப்படி அது வானிலை. நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. ஆனால் போகி எந்தத் தேதியில் வரும் என்று எந்தத் தினசரி நாட்காட்டியும் ஓராண்டு முன்பே சொல்லும். விமான நிலையம் ஆண்டுதோறும் சுற்றுவட்டார மக்களிடம் எரிக்காதீர்கள் என்று வேண்டுகிறது. அப்படியிருக்க அந்த அதிகாலை 5 மணி விமானத்துக்கு டிக்கெட் விற்றவர் எதிர்பாராத சூழ்நிலை என்று சொல்வதை எவ்வளவு தூரம் ஏற்பது?

இதற்கு விடை விதிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. விலக்குப் பத்தி, சூழ்நிலை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதாக இருந்தால் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்திருந்தாலும் தவிர்த்திருக்க முடியாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு நிபந்தனைகள். நடைமுறையில் முதல் பாதி மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. போகியன்று நேரத்தைத் தள்ளி வைத்தீர்களா, காலை விமானத்தில் வரவேண்டிய இணைப்புப் பயணிகளை முந்தைய இரவுக்கு மாற்றினீர்களா என்று இரண்டாம் பாதியைக் கேட்பதற்கு ஆளில்லை.

இதைவிடச் சிக்கல், பின்விளைவுத் தாமதம். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு பயணங்கள் போகிறது. காலையில் டெல்லியில் பனியால் மூன்று மணி நேரம் நின்ற விமானம், மதியம் ஹைதராபாத், மாலை பெங்களூரு சுற்றி இரவு சென்னைக்கு வரும்போதும் அந்த மூன்று மணி நேரத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. இரவு 9 மணிக்குச் சென்னையில் வானம் துல்லியமாக இருக்கிறது. காத்திருப்பவரின் கைபேசியிலோ தாமதத்துக்குக் காரணம் வானிலை என்று குறுஞ்செய்தி. அது பொய்யல்ல, உண்மையில் பாதி. மீதிப் பாதி, இரண்டு பயணங்களுக்கு நடுவே இளைப்பாற இடைவெளி விடாமல் அட்டவணை போட்டதும், மாற்று விமானம் கையிருப்பில் வைக்காததும். அவை நிறுவனத்தின் தேர்வுகள். குறைந்த கட்டணம் அவற்றிலிருந்துதான் வருகிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. எத்தனையாவது பயணம் வரை பனியைக் காரணம் காட்டலாம் என்பதற்கு இந்திய விதியில் எல்லைக்கோடு இல்லை.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விகளை நீதிமன்றம் கிளறியது. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய விதியும் முதலில் நம்முடையதைப் போலத்தான் இருந்தது: ரத்துக்குப் பணம், தாமதத்துக்குச் சாப்பாடு. 2008இல் வாலென்டின்-ஹெர்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், விமானத்தில் வரும் தொழில்நுட்பக் கோளாறு பொதுவாக விமானம் ஓட்டும் தொழிலின் அன்றாடப் பகுதிதான், அசாதாரணம் அல்ல என்றது. அடுத்த ஆண்டு ஸ்டர்ஜன் வழக்கில், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரின் நேர இழப்பும் ரத்தானவரின் நேர இழப்பும் ஒன்றே என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து அங்கே தாமதத்துக்கும் தொலைவைப் பொறுத்து 250, 400, 600 யூரோ.

அந்தத் தீர்ப்பின் நிழல் மீனம்பாக்கத்திலும் விழுகிறது. ஐரோப்பிய நிறுவனம் ஐரோப்பாவுக்கு ஓட்டும் விமானத்துக்கும் அந்த விதி பொருந்தும் என்பதால், சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட் போகிறவர், நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ, அதாவது ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய் கேட்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் போகிறவருக்குப் பிரிட்டன் தனியே வைத்துக்கொண்ட அதே மாதிரியான விதி. அதே நாளில், அதே வளாகத்தின் உள்நாட்டு முனையத்தில், அதே நான்கு மணி நேரம் காத்து டெல்லி போகிறவருக்குச் சாப்பாடு.

கட்டணத்தோடு இழப்பீட்டைக் கட்டிப்போட்டிருப்பது அடுத்த குறை. ரத்துக்கு 5,000 அல்லது 7,500 என்று மேலே சொன்ன தொகைகள் உச்சவரம்புகள்தான். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது அதைவிடக் குறைவாக இருந்தால், குறைந்ததைத்தான் தருவார்கள். விமான நிலையப் பயனர் கட்டணம், ஜி.எஸ்.டி., இணையத்தில் வாங்கியதற்கான வசதிக் கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. இரண்டு மாதம் முன்பே யோசித்து, கோயம்புத்தூருக்கு அடிப்படைக் கட்டணம் 2,200 ரூபாயில் ஒருவர் டிக்கெட் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாளில் ரத்தானால் டிக்கெட் பணமும் கூடவே 2,200 ரூபாயும் கிடைக்கும். அன்று மாலை விமானத்தில் கட்டணம் 9,000. அதே விமானத்தில் முந்தின நாள் 8,000 கொடுத்து ஏறவிருந்தவருக்கு 7,500. இருவரும் இழந்த நேரம் ஒன்றுதான். முன்யோசனைக்காரருக்கு ஈடு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு சிறு வரி, வெளிநாட்டு வேலைக்குப் போகும் தமிழர்களை நேராகத் தொடுகிறது. பயணி போதுமான தொடர்பு விவரம் தராதிருந்தால் ரத்துக்கு இழப்பீடு இல்லை. வளைகுடாவுக்குப் போகிற பலருக்கு டிக்கெட் போடுவது முகவர். அதில் பதிவாவது பெரும்பாலும் முகவரின் எண். ரத்து என்ற செய்தி அவருடைய கைபேசிக்குப் போகும். பயணியோ ராமநாதபுரத்திலிருந்து இரவுப் பேருந்து ஏறியிருப்பார். நிறுவனத்தைக் குறை சொல்ல இதில் அதிகமில்லை. டிக்கெட்டில் பயணியின் சொந்த எண் இருக்க வேண்டும் என்று முகவர்களைக் கட்டாயப்படுத்தினால் தீரும். அல்லது கவுன்ட்டருக்கு வந்து நிற்கும் ஆளையே தொடர்பு விவரமாக எடுத்துக்கொண்டால் தீரும்.

இந்த விதிக்குப் பெருந்தேர்வு வந்தது 2025 டிசம்பரில். விமானிகளின் பணி நேரத்தைக் குறைத்து, வார ஓய்வை 36லிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுப் பணி ஒன்றில் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாக்கும் விதிகளை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. இரண்டு கட்டமாக, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் அவை நடைமுறைக்கு வந்தன. உள்நாட்டுச் சந்தையில் மூன்றில் இரண்டு பங்களவு வைத்திருக்கும் இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லாமல் போயிற்று. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்து, 1,852 தாமதம். பாதிக்கப்பட்டோர் மூன்று லட்சத்துக்கு மேல். 5ஆம் தேதி சென்னையிலிருந்து கிளம்ப வேண்டிய அந்நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்கள் அனைத்தும் மாலை 6 மணி வரை ரத்து.

தொடக்கத்தில் நிறுவனம் சொன்ன காரணங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும்: சிறு தொழில்நுட்பக் கோளாறுகள், குளிர்கால அட்டவணை மாற்றம், மோசமான வானிலை, நெரிசல், புதிய பணிநேர விதிகள். இழப்பீட்டு விதியோடு சேர்த்துப் படித்தால் இது வெறும் வருத்த அறிக்கை அல்ல. வானிலை என்ற சொல்லும் நெரிசல் என்ற சொல்லும் விலக்குப் பட்டியலுக்குள் போகும் கதவுகள். கடைசியில் நின்றது, முன்கூட்டியே தெரிந்த ஒரு விதிக்கு ஆள் சேர்க்கவில்லை என்பது. 2026 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. தந்த முடிவும் அதுவே: விமானங்களையும் ஆட்களையும் மூச்சுவிட இடமில்லாமல் அட்டவணைப்படுத்தியது, விதிக்குத் தயாராகாதது, மென்பொருள் குறைகள், நிர்வாகக் குறைகள்.

அந்த நெருக்கடியில் அரசு செய்தவற்றில் இரண்டு பயணிக்கு நேராகப் பயன்பட்டன. 6ஆம் தேதி கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000 என்று ஏறி, அதிகபட்சம் 18,000. டிக்கெட் பணத்தை 7ஆம் தேதி இரவு 8 மணிக்குள் திருப்பித்தரச் சொன்ன உத்தரவும் வேலை செய்தது. பல நூறு கோடி ரூபாய் சில நாட்களில் திரும்பியது. கெடு வைத்துக் கேட்டால் பணம் வரும் என்பது அன்று தெரிந்துபோன ஒன்று. அந்தக் கெடு ஏன் எல்லா நாளுக்கும் இல்லை?

மற்ற இரண்டு நடவடிக்கைகளில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, விமானிகளின் ஓய்வு விதியையே தளர்த்தியது. இரவுப்பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கிடைத்தது. தாமதத்துக்குப் பணம் வைத்தால் பாதுகாப்பு கெடும் என்று வாதிடுகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். பணம் வைக்காத ஏற்பாட்டிலும் பாதுகாப்புதான் விட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு ரத்துக்கும் தாமதத்துக்கும் கணிசமான விலை இருந்திருந்தால், முந்தைய ஆண்டே ஆளெடுப்பது மலிவு என்று நிறுவனத்தின் கணக்குப்பிரிவே சொல்லியிருக்கும் என்பது என் எண்ணம். இரண்டாவது, 22.20 கோடி ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்ட மூன்று லட்சம் பேருக்கு வகுத்தால் தலைக்கு 740 ரூபாய். அதுவும் அவர்களுக்குப் போகவில்லை, அரசுக்குப் போனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் தானாக அறிவித்தது 10,000 ரூபாய்ப் பயண வவுச்சர். விதிப்படி தரவேண்டியதற்கு மேல் அது என்பதால் தாராளம்தான். ஆனால் ஓராண்டுக்குள், அதே நிறுவனத்தில்தான் செலவழிக்க முடியும்.

நீதிமன்றத்துக்குப் போனால்? இங்கே படம் அவ்வளவு இருட்டில்லை. 2007 டிசம்பரில் டெல்லிப் பனியில் பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஹைதராபாத் போன ஒரு பயணிக்கு, அங்குள்ள நிரந்தர மக்கள் நீதிமன்றம் 10,000 ரூபாய் வழங்கியது. இன்டர்குளோப் ஏவியேஷன் வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் அந்தத் தொகையை ரத்து செய்தது. பனிக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றது. பயணி தோற்றார். ஆனால் அதே தீர்ப்பு, மலிவு விலை நிறுவனம் என்ற பெயர் அடிப்படை வசதிகளை மறுக்கும் உரிமம் ஆகாது என்று உறுதியாகச் சொன்னது. டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் போட்ட நிபந்தனையும் அந்த மக்கள் நீதிமன்றத்தின் முன் எடுபடவில்லை.

2021 செப்டம்பரில் வந்த ரயில்வே தீர்ப்பு இன்னும் பயனுள்ளது. ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாகப் போன ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டவருக்கு 30,000 ரூபாய் தரச் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்கான காரணம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் கொடுக்க வேண்டும். விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை. விமானம் எப்போது வந்தது, எங்கே நின்றது, எந்த விமானி எத்தனை மணிக்குப் பணி முடித்தார் என்ற பதிவெல்லாம் நிறுவனத்திடம் இருக்கிறது. பயணியிடம் இருப்பது ஒரு குறுஞ்செய்தி.

2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழியையும் சுருக்கியிருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும், ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருப்பவர் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் கட்டாயம் இல்லை; இணையத்தில் தாக்கல் செய்யலாம்; இரண்டு ஆண்டு அவகாசம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுப்பது சகஜம் என்பதை ஆணைய வராந்தாவில் காத்திருப்பவர்கள் சொல்வார்கள். 2,200 ரூபாய்க்காக எவரும் வாய்தா வாய்தாவாக அலையமாட்டார். நிறுவனங்களின் துணிச்சல் சட்டத்தின் ஓட்டைகளைவிட இந்த அலுப்பின்மேல்தான் நிற்கிறது.

அதற்காக ஐரோப்பிய விதியை அப்படியே பெயர்த்து நடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 3,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 25,000 ரூபாய் இழப்பீடு என்றால், ஒரு மோசமான மாதத்தில் சிறிய நிறுவனம் படுத்துவிடும். படுத்தபின் பயணி நிலை என்ன என்பதை 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது பார்த்தோம்: டிக்கெட் பணத்துக்கே கடன்காரர்கள் வரிசையின் வாலில் நிற்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் இழப்பீட்டை வாங்கித்தரவே ஒரு தரகுத்தொழில் முளைத்து, கிடைப்பதில் கால் பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது. 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்களே மூன்று மணி நேர எல்லையை நான்கு, ஆறு என்று நீட்டிப் பார்த்தார்கள்.

தொகை சிறிதாகவே இருக்கட்டும். உள்நாட்டுப் பயணத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், டிக்கெட் விலையைப் பாராமல் எல்லாருக்கும் ஒரே தொகை. 1,500 ரூபாய் என்று வைத்தாலும் அட்டவணை போடுகிறவர் யோசிப்பார். யாரும் விண்ணப்பிக்காமலே, டிக்கெட் வாங்கிய கணக்குக்கு ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும். ரத்துப் பணத்தை இரவு 8 மணிக்குள் திருப்பிய மென்பொருளால் இதுவும் முடியும். விலக்குக் கோரினால், எந்த விமானம், எந்த ஊரில், எந்த மணியில், எதனால் என்று நிறுவனம் எழுதித்தர வேண்டும். ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்ற இரண்டு சொல் செல்லாது. விலக்கு அன்றைய முதல் பாதிப்புக்கும் அடுத்த பயணத்துக்கும் மட்டும் என்று கோடு கிழிக்கலாம். மாத அறிக்கையில் டி.ஜி.சி.ஏ. இன்னொரு பத்தியும் சேர்க்க வேண்டும்: எத்தனை பேருக்கு விலக்கைக் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டது, நிறுவனவாரியாக. 4.82 லட்சம் பேரில் எத்தனை பேர் பனியால் நின்றார்கள், எத்தனை பேர் ஆளில்லாமல் நின்றார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.